எழுபத்திரண்டு படிகள்

என்னுடைய முப்பத்திரண்டு பக்கத் திட்டம் தபால்காரம்மாவின் கைக்குப் போனது. அவருடைய திட்டம் என் கைக்கு வந்தது. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “மாடிப்படித் திருப்பங்களில் ஒரு நாற்காலி போட வேண்டும்.” தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

ஊருக்குப் பயன்படும் சின்னச் சின்னக் காரியங்களை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தரும் ஐந்து நாள் பயிற்சி அது. அங்கேயே தங்கல், அங்கேயே சாப்பாடு, அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். மூன்றாம் நாள் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார்கள். ஒருவர் திட்டத்தை இன்னொருவர் தன் திட்டமாக நினைத்து மறுநாள் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். “திட்டத்துக்குச் சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. உலகத்துல வேற யார்கிட்ட வேணா கேட்டுக்கோங்க” என்றார் பயிற்சியாளர். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டம், அதை இந்த அம்மாள் என்ன செய்யப் போகிறார் என்று.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். அலுவலகத்தில் எனக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். என் திட்டம் அக்காவுக்காகத் தொடங்கியது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தவள் அவள். மகள் வெளிநாடு போனபின் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில் தனியாக இருக்கிறாள். பத்து மாதமாகக் கீழே இறங்கவில்லை. ஞாயிறுதோறும் போய்க் கூப்பிடுவேன், “முட்டி வலிடா, அடுத்த வாரம் பாக்கலாம்” என்பாள். கீழே குப்பை சேர்ந்து கிடக்கும் இடத்தைத் தோட்டமாக்கிவிட்டால் ஆசையில் தானாக இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டேன். நடைபாதை, நிழல், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் வண்ணத்தில் வரைந்து, கடைசிப் பக்கத்தில் தோட்டக் குழுவின் முதல் உறுப்பினராக அக்காவை எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தேன். இந்தத் தடவையும் அவள் இறங்கவில்லை என்றால் இனி இறங்கவே மாட்டாள் என்ற பயம் எனக்கு இருந்தது. அதை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

நான்காம் நாள் முதலில் நான் பேசினேன். நாற்காலியின் உயரம், அகலம், எந்த மரம், சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று பத்து நிமிடம் வெளுத்து வாங்கினேன். கைதட்டினார்கள். ஒரு வரியை இவ்வளவு தூரம் இழுத்ததில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்து தபால்காரம்மா எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோள் ஒன்று சற்றே இறங்கி இருந்தது, பை சுமந்த பழக்கம். என் வரைபடங்களைப் பிரிக்கவே இல்லை.

“படம் ரொம்ப அழகா இருக்கு. எனக்குப் படம் படிக்கத் தெரியாது. அதனால கடைசிப் பக்கத்துல இருந்த அம்மாவுக்குப் போன் பண்ணேன். உங்க வீட்டுக்கு எத்தனை படின்னு கேட்டேன். யோசிக்காம எழுபத்திரண்டுன்னாங்க.”

நான் நிமிர்ந்தேன்.

“முப்பத்தாறாவது படியில மூச்சு வாங்குமாம். ஒரு நாள் அங்கேயே உக்காந்துட்டாங்க. ஏறி வந்த ரெண்டு பேரு ஒதுங்கிப் போனாங்க. மூணாவதா வந்தவரு, ‘வழியில உக்காராதீங்கம்மா’ன்னாரு. அதுக்கப்புறம் அவங்க இறங்கல. வலியக்கூடப் பொறுத்துக்கலாம், வழிய மறிச்சிட்டு உக்காந்திருக்கக் கூச்சமா இருக்குன்னாங்க. இத சபையில சொல்லலாமான்னு கேட்டேன். ‘தம்பிகிட்ட நேரா சொல்ல வாய் வரல, நீங்களே சொல்லிடுங்க’ன்னாங்க.” என் திட்டத்தை மேசைமேல் வைத்தார். “தோட்டம் வேணுங்க. ஆனா அதக் கீழேருந்து ஆரம்பிக்கக் கூடாது. நாலாவது மாடியிலேருந்து ஆரம்பிக்கணும்.”

என் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தாறு வருடமாக மாடிப்படி வரைகிறேன். ஒரு படிக்கு எத்தனை அங்குலம் உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அக்கா வீட்டுப் படிகளை எண்ணியதில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, அதற்கு வண்ணமும் அடித்து வைத்திருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. மத்தியானம் தட்டுக் கழுவும் இடத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றபோது அது வடிந்திருந்தது.

“பத்து மாசமா எங்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட எப்படிங்க சொன்னாங்க?”

“நான் ஒண்ணும் தோண்டித் துருவல சார். எத்தனை படின்னு கேட்டேன். தபால் கொண்டு போறவளுக்கு அதுதானே மொதல்ல தெரியணும். மத்ததெல்லாம் அவங்களே சொன்னாங்க.” தட்டை உதறினார். “நாற்காலியப் பத்தி நல்லாதான் பேசினீங்க. எந்த வீட்டு வாசல்ல போடுவீங்கன்னுதான் சொல்லல. நாற்காலி எங்கயாவது கிடைச்சிடும். அந்தக் கதவத் தட்டறதுதான் வேலை.”

அவர் இதுவரை மூன்று கட்டடங்களில் பதினொரு நாற்காலி போட்டிருக்கிறார் என்று பயிற்சியாளர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஒற்றை வரித் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். எழுத வேண்டியது வேறு எதுவும் இல்லாததால்தான் பின்பக்கம் காலியாக இருந்திருக்கிறது. அப்படி ஒரு வரி எழுத எனக்கு இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். முப்பத்தாறு, இரண்டாவது மாடி. படிக்கு நேரே ஒரு வீட்டுக் கதவு. எத்தனையோ ஞாயிறு இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். தட்டினேன். பாதிச் சவரத்தில் ஒருவர் வந்து நின்றார். மேலே இருப்பவள் என் அக்கா என்றும், இங்கே ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. திரும்பி உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது.

“அன்னிக்கு நான் கவனிக்காம ஏதோ சொல்லிட்டேன்” என்றார். பிறகு நாற்காலியைப் பார்த்து, “இது போதுமா? கை வச்சது ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு எது வசதி?”

என் நாக்கு நுனியில் அளவுகள் எல்லாம் தயாராக இருந்தன.

“தெரியலைங்க. கேட்டுட்டு வரேன்.”

மீதி முப்பத்தாறையும் ஏறியதில் எனக்கே மூச்சு வாங்கியது. அக்கா கதவைத் திறந்தாள். கேட்டேன்.

“கை வச்சதுடா. எழுந்திருக்க ஊன்றிக்கலாம்ல.”

படியின் விளிம்பிலிருந்து குரல் கொடுத்தேன். திரும்பியபோது அவள் குனிந்து அலமாரிக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். செருப்பு வந்தது. தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, இறுகிப்போன வாரில் கால்விரல்களை நுழைத்துக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றி முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள். கீழே, தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.