மாப்பிள்ளைக்கு இருநூற்று முப்பத்தாறு

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்து, தன் கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று அறிவரசன் யோசித்துக்கொண்டிருந்தான். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

ஜெயங்கொண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி இலக்கியா வேகமாக வந்தாள். பட்டு ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவள். விரல் நுனியில் ஜரிகைத் துகள் மினுங்கியது. அவன் பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அறுக்கும் மிஷின் ஓட்டுபவன். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு இருவரும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் போன்தான்.

“அப்படி என்னங்க, நேர்லதான் சொல்லணும்னு?” என்றபடி சாத்துக்குடி ஜூஸை உறிஞ்சினாள்.

“இந்தக் கல்யாணம் வேணாம் இலக்கியா.”

ஜூஸ் மூக்கில் ஏறியது. இருமி முடித்து நிமிர்ந்தாள்.

“வேற பொண்ணா?”

“ஐயையோ, இல்ல!”

“எங்கப்பா எதாவது பேசிட்டாரா?”

“மாமா தங்கமானவரு. குறை எங்கிட்டதான்.” போனைத் திறந்து அவள் முன்னால் வைத்தான்.

அது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஜிம்முக்குப் போகும் அவன் கூட்டாளி செல்லதுரை, ஒருவர் கட்டணத்தில் இருவருக்குப் பரிசோதனை என்ற விளம்பரத்தைப் பார்த்து இவனையும் இழுத்துவிட்டிருந்தான். சர்க்கரை சரி, கொழுப்பு சரி, கல்லீரல் சரி. டெஸ்டோஸ்டீரான் மட்டும் சிவப்பு எழுத்தில்: இருநூற்று முப்பத்தாறு. முந்நூறாவது இருக்க வேண்டுமாம்.

“இது என்ன, விட்டமினா?”

“ஆம்பளைக்கு இருக்க வேண்டிய ஹார்மோன்.” குரலை இறக்கினான். “கம்மியா இருந்தா கொழந்த பொறக்குறதே கஷ்டம்னு நெட்ல போட்டிருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னைய கேக்காது, உன்னையத்தான் கேக்கும். மறைச்சிட்டுத் தாலி கட்ட எனக்கு மனசு வரல.”

இலக்கியா டம்ளரை நகர்த்தி வைத்தாள். அந்த நிமிஷத்தில் அவனை அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டர்ட்ட எங்க போனேன்? ஜிம்ல ஊசி இருக்கு, போட்டா கடகடன்னு ஏறிரும்னு செல்லதுரை சொன்னான்.”

“மிஷினுக்கு ஒரு பெல்ட்டு வாங்க நாலு கடை ஏறி இறங்குறவரு, கல்யாணத்த நிறுத்துறதுக்குச் செல்லதுரை போதும்னுட்டீங்களா? எந்திரிங்க.”

அடுத்த தெருவில் டாக்டர் குருநாதனின் கிளினிக். சர்க்கரைக்கும் ஹார்மோனுக்கும் பார்ப்பவர். இலக்கியாவின் அப்பாவுக்கும் அவர்தான் வைத்தியம். டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு அறிவரசனைப் பார்த்தார்.

“ரத்தம் எப்ப குடுத்தீங்க?”

“மத்தியானம் மூணு மணி இருக்கும் சார்.”

“சாப்பிட்டா?”

“செல்லதுரைக்கு அன்னிக்குப் பொறந்த நாளு. பிரியாணி.”

“சரியாப் போச்சு. இந்த ஹார்மோன் காலையிலதான் உச்சத்துல இருக்கும். பொழுது ஏற ஏற இறங்கும், வயிறு நெறைஞ்சாலும் இறங்கும். காலையில பத்து மணிக்குள்ள வெறும் வயித்துல எடுக்கணும். அதுவும் ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக் கூடாது. உடம்புல தெம்பு எப்படி?”

“வேலைக்குக் குறைச்சல் இல்ல சார்.”

“ஆசை?”

அறிவரசன் தொண்டையைச் செருமினான். இலக்கியா மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுக்கும்... குறைச்சல் இல்ல சார்.”

“எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?”

“மூணு மணி நேரம் சார். சில நாள் நாலு.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “ராத்திரியும் மிஷின் ஓட்டுறீங்களா?”

“இல்ல சார். போன் பேசுவேன். கல்யாண சீசன்ல அவங்களுக்கு ஆர்டர் சாஸ்தி. விடிய விடிய தைக்கிறப்ப தூக்கம் வரக் கூடாதுன்னு...”

“அவங்கன்னா?”

இலக்கியாவின் முகம் சிவந்துகொண்டே போனது. டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஏம்மா, மாப்பிள்ளையத் தூங்க விடாம வச்சிருந்தா ஹார்மோன் எப்படிம்மா ஊறும்? ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ரெண்டு பேருக்கும் போன் கிடையாது. நல்லாத் தூங்கி எந்திரிச்சு, ரெண்டு வாரம் கழிச்சு தனித்தனியா ரெண்டு நாள் காலையில ரத்தம் குடுக்கணும். அப்பயும் கம்மியா இருந்தா காரணத்தைத் தேடி வைத்தியம் பாப்போம். ஜிம்ல ஊசி போட்டா ஏறும்னு யாராச்சும் சொன்னா மட்டும் கேக்காதீங்க. இந்த ஹார்மோன வெளியிலேருந்து ஏத்துனா விந்தணு உற்பத்தியே நின்னு போகும்.”

வெளியே வந்ததும் இலக்கியா கேட்டாள். “இப்ப என்ன, கல்யாணத்த நிறுத்துறீங்களா?”

“ரெண்டு ரிப்போர்ட்டும் வரட்டுமே.”

“வந்து கம்மியாவே இருந்தா வைத்தியம் பாத்துக்குவோம். நான் கூட வரேன். பத்திரிகை வைக்கிறத நிறுத்துனீங்க, அப்புறம் தெரியும் சேதி!”

முதல் சில நாள் அறிவரசன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு தூக்கம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தூக்கம்! காய்ச்சலோ என்று அம்மா வீரம்மாள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜெயங்கொண்டத்தில் இலக்கியா, தைக்கும் வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன மாதிரியே இரண்டு காலைகளில் ரத்தம் கொடுத்தான். முதலில் நானூற்று எழுபத்தெட்டு. அடுத்தது நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

“ஒரு குறையும் இல்ல. போய்க் கல்யாண வேலையப் பாருங்க” என்றார் டாக்டர்.

அறிவரசன் பைக்கை எடுத்தான். வீட்டுக்குப் போக மேற்கே திரும்ப வேண்டும். பைக் கிழக்கே திரும்பியது. போனில் சொல்கிற விஷயமா இது? முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலில் மாமனார் குருமூர்த்தி நின்றிருந்தார்.

“வாங்க மாப்ள! என்ன, சொல்லாம கொள்ளாம?”

வழியெல்லாம் இலக்கியாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்து வந்தான். மாமனாரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.

“தண்ணி குடிக்கலாம்னு வந்தேன் மாமா.”

“பெரம்பலூர்லேருந்தா?”

உள்ளே ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த இலக்கியா ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. அவளே சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

“இன்னொரு சொம்பு?” என்றாள்.

“குடு” என்றான்.