அவதானிக்க வந்தவருக்குப் பாரைக் குழம்பு

“முக்கால் ஆளுக்கு எப்பிடியப்பா பங்கு போடுறது?” என்று றோய் கேட்டார்.

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு பின்னேரம் அது. அவர் முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கதிரையைப் போட்டு, எட்டாம் தரக் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள் அவருடைய மனைவி எடித். அரையால் பிரிப்பது வரைக்கும் றோய் அவளோடு நன்றாகத்தான் வந்தார். மூன்று மீனைப் பாதி பாதியாக வெட்டினால் ஆறு துண்டு, அதிலே ஒரு சிக்கலும் இல்லை. முக்காலில்தான் வண்டி நின்றுவிட்டது.

“நாலு பேருக்குப் பிரிச்சிருக்கிறன். ஏழு பேருக்கும் பிரிச்சிருக்கிறன். அரை ஆள் எண்டாலும் ஆரோ சின்னப் பிள்ளை எண்டு நினைக்கலாம். முக்கால் ஆள் எண்டால் ஆரது?”

“ஆளில்லையப்பா. அது பின்னம்.”

“பின்னத்துக்கு ஏன் மீனைக் குடுக்கிறாய்?”

எடித் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வேறு ஒருவருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னாள். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கினால் சரியான விடை வரும் என்று அவளுக்குத் தெரியும். ஏன் திருப்ப வேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது.

“தெரிஞ்ச ஆரிட்டையும் கேளன்.”

“நான் பிறின்சிப்பல். ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

றோய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். 

எடித் படித்தது தமிழ். இருபத்திரண்டு வருடங்கள் படிப்பித்ததும் தமிழ். ஓலைத்தொடுவாய்க்கு அப்பால், கடற்காற்று மணலை வகுப்பறைக்குள் கொண்டுவந்து கொட்டும் அந்தச் சின்னப் பாடசாலைக்கு அவள் அதிபராக வந்த மறுவருடம், இருந்த இரண்டு கணித ஆசிரியர்களில் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனார். மிஞ்சியவருக்கு ஒன்பது, பத்து, பதினோராம் தரங்களே போதும் போதும் என்றிருந்தது. ஆறையும் ஏழையும் விஞ்ஞான ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டு எடுத்தார். எட்டாம் தரத்தை எடுக்க ஆளில்லை. நேரசூசியில் அந்தப் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், இரண்டு கிழமைக்கு என்று சொல்லித் தன் பெயரை எழுதினாள். அந்த இரண்டு கிழமை மூன்று வருடங்களாக நீண்டுவிட்டது.

முதல் வருடம் ஒரு பெண் பிள்ளை எழும்பி, ஏன் ரீச்சர் திருப்பிறது என்று கேட்டாள். விதி அப்பிடித்தான் என்றாள் எடித். இரண்டாம் வருடமும் ஒரு பிள்ளை கேட்டது. அன்றைக்கு முழு வகுப்புக்கும் இருபது கணக்கு வீட்டுவேலை கிடைத்தது. அதற்குப் பிறகு எட்டாம் தரத்தில் எவரும் எதையும் கேட்பதில்லை. காலைக் கூட்டத்தில், பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லுகிறவள் அவளேதான். அந்த வகுப்பின் அமைதி தொண்டையில் சிக்கிய முள்ளைப்போல அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. யாராவது ஒருவர் அவளை வாங்கில் இருத்தி, முதலில் இருந்து சொல்லித் தந்தால் போதும். அதை வாய் விட்டுக் கேட்கத்தான் முடியவில்லை.

இந்த வருடம் தை மாதத்தில், பழைய கணித ஆசிரியர் ஓய்வு பெற்ற இடத்துக்கு அகிலன் வந்தான். பெரியமடுவில் நெல் விதைக்கிற குடும்பம். இருபத்தொன்பது வயது. தோட்டவெளியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவனுடைய வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். எடித் அதட்டுவதற்காகப் போய் யன்னலடியில் நின்று கேட்டபோது, சண்டை ஒரு முக்கோணத்தைப் பற்றியது என்று தெரிந்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்து நான்கு தடவை அவனிடம் போனாள். முதல் தடவை வெண்கட்டி போதுமா என்று விசாரித்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச்சு வந்தது. மற்ற இரண்டு தடவையும் அவனுடைய தாயாரின் சுகத்தை விசாரித்தாள். அந்த அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதிபர் இப்படி அக்கறையாகக் கேட்கிறாரே என்று அகிலன் பயந்து, அந்தச் சனிக்கிழமை தாயை மன்னாருக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதித்தான்.

இந்த நிலையில்தான் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு ஆசிரியரின் பாடத்தையும் சக ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்வாங்கில் உட்கார்ந்து அவதானிக்க வேண்டும். படிவத்தில் இரண்டே பெட்டிகள். ஒன்றில் தான் கண்ட நல்ல விடயத்தையும், மற்றதில் தான் கேட்க விரும்பும் கேள்வியையும் அவதானிப்பவர் எழுத வேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். ஆசிரியர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்வதற்கான வழி அது என்று சுற்றறிக்கை சொன்னது.

அந்தப் பாடசாலைக்கு அவதானிப்பு புதிதல்ல. முன்பெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் அவதானிக்க வருகிறார் என்றால், விடியவே கரைக்கு ஆள் போய்விடும். அவர் பின்வாங்கில் இருந்து கால் மணித்தியாலம் ஆனதும், ஒரு வாய் தேத்தண்ணி என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தேத்தண்ணி இருக்கும் மேசையில் விளைமீன் பொரியலும் இருக்கும். பாடத்தின் பின்பாதியை இதுவரை கண்ட அவதானிப்பாளர் கிடையாது. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊருக்குத்தான் அவமானம். ஆகவே சக ஆசிரியர் அவதானிக்க வந்தபோதும் அதே முறைதான் நடந்தது. ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

முதலாவது கூட்டத்தில், உப அதிபர் பஸ்ரியன், ஆங்கில ஆசிரியை யசிந்தாவின் பாடத்தைப் பற்றி வாசித்தார். நல்ல விடயம் என்ற பெட்டியில், ஆசிரியை இன்முகத்துடன் வரவேற்றார் என்று இருந்தது. கேள்விப் பெட்டியில், கணவாய்க் கறி இவ்வளவு மெத்தென்று வருவதற்கு எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எடித் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ்ரியன் பொய் எழுதத் தெரியாத மனிதர். கணவாயைத் தவிர அவர் வேறொன்றையும் காணவில்லை என்பதுதான் உண்மை. யசிந்தாவும் எழும்பி, அடுப்பை அளவாக எரிக்க வேண்டும் என்று விளக்கமாகப் பதில் சொன்னாள். இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

அடுத்த கிழமை எடித்தின் முறை. அவதானிப்பவரைத் தெரியச் சீட்டுக் குலுக்கியதில் அகிலனின் பெயர் வந்தது. அந்தக் கிழமைப் பாடம் பின்னங்களைப் பின்னங்களால் வகுத்தல்.

அவள் வீட்டுக்குப் போய், நல்ல பாரை ஒன்று வேண்டும் என்று றோயிடம் சொன்னாள். றோய் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“அந்தத் தம்பியிட்டைக் கேக்கப் போறனெண்டு சொன்னனீ.”

“இந்த முறை சமைப்பம். அடுத்த முறை கேப்பன்.”

 புதன்கிழமை விடிய, றோய் மஞ்சள் பாரை ஒன்றோடு கரையிலிருந்து வந்து, அரைத்துக் கூட்டித் தானே குழம்பு வைத்தார். அவருடைய கைப்பக்குவம் அந்தக் கரையில் பெயர் போனது.

பாடம் தொடங்கியது. அகிலன் பின்வாங்கில் படிவத்தோடு இருந்தான். எடித் முதல் கால் மணித்தியாலத்தை அரையாலேயே ஓட்டினாள். அந்த இடம் வரைக்கும் அவளுக்குப் பயமில்லை. கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு றோய் சட்டியோடு விறாந்தையில் வந்து நின்றார். மணம் அவருக்கு முந்தியே வகுப்புக்குள் வந்துவிட்டது.

“சேர், வாங்கோ. ஒரு வாய் சாப்பிட்டிட்டு வந்து இருங்கோ.”

அகிலன் எழும்பி நின்றான். முகம் சிவந்துவிட்டது. “குறை நினைக்காதேங்கோ அண்ணை. நான் சைவம்.”

“எந்தெந்த நாள்?”

“எல்லா நாளும். முட்டையும் இல்லை.”

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று றோய் கேள்விப்பட்டிருந்தார். நேரில் கண்டது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வாஞ்சையோடு கேட்டார். “மீனை எடுத்துப்போட்டுக் குழம்பை மட்டும் ஊத்தட்டே?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. எடித்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து மாதங்களாக அகிலன் ஆசிரியர் அறைக்கு வராமல் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தனியே இருந்து சாப்பிட்டான். அவனுக்குத் தலைக்கனம் என்று யசிந்தா சொன்னாள். காதல் தோல்வி என்று பஸ்ரியன் சொன்னார். தன்னைப் பிடிக்கவில்லை என்று எடித் நினைத்தாள். பாவம், அவனுக்கு மீன் மணம் ஒத்துக்கொள்ளவில்லை. மரியாதைக்காக அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

றோய் பருப்பாவது தேடிப் பார்ப்போம் என்று போய்விட்டார். அகிலன் திரும்பவும் இருந்தான். பாடத்தின் பின்பாதியைக் காணப்போகும் முதல் மனிதன் அவன்தான். இன்னும் இருபத்தைந்து நிமிடம் கிடந்தது.

எடித் பலகையில் மூன்றில் இரண்டை எழுதி, வகுத்தல் குறி போட்டு, முக்காலை எழுதினாள். திருப்பினாள். பெருக்கினாள். ஒன்பதில் எட்டு என்று விடை வந்தது. சிரித்த உற்சாகமோ, பின்னால் இன்னொரு ஆசிரியர் இருக்கிற தைரியமோ, முன்வாங்கில் இருந்த ஜெனிற்றா கையை உயர்த்தினாள்.

“பிரிச்சால் குறையத்தானே வேணும் ரீச்சர். மூண்டில ரண்டை விட ஒன்பதில எட்டுக் கூட. ஏன் கூடினது? ஏன் திருப்பினனீங்கள்?”

எடித்தின் கையில் வெண்கட்டி அப்படியே நின்றது. முதல் இரண்டு வருடமும் அவள் தட்டிக்கழித்த அதே கேள்வி. “அது ஒன்பதாம் தரத்தில விளக்கமாய் வரும்” என்று அவளுடைய வாய் தானாகச் சொன்னது.

முப்பத்தொரு தலைகள் ஒன்றாகப் பின்னால் திரும்பின. ஒன்பதாம் தரத்துக்குக் கணக்குப் படிப்பிப்பவர் அங்கேதான் இருந்தார். அகிலன் குனிந்து அவசரமாக எதையோ எழுதத் தொடங்கினான். மிச்ச நேரம் முழுக்க அவன் தலை நிமிரவே இல்லை.

 மறுநாள் வியாழக்கிழமைக் கூட்டம் வரைக்கும் எடித்துக்கு அவன் என்ன எழுதினான் என்பதே நினைப்பாக இருந்தது. கூட்டத்தில் அவன் எழும்பியபோது அவள் கதிரையின் விளிம்பில் இருந்தாள்.

நல்ல விடயம் என்ற பெட்டியை அகிலன் வாசித்தான். ஜெனிற்றா என்ற மாணவி மிகச் சிறந்த கேள்வியொன்றைக் கேட்டாள், அப்படிக் கேட்கக்கூடிய பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். பிறகு படிவத்தை மடித்தான்.

“கேள்வி?” என்றாள் யசிந்தா.

“கேள்வி ஒண்டும் இல்லை மிஸ்.”

பஸ்ரியன் சந்தோசமாகத் தலையாட்டினார். அதிபரிடம் கேள்வி கேட்பது முறையில்லை என்று முதல் நாளே அவர்தான் அகிலனுக்குச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அதைப் பெருமையாக எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த படிவத்துக்குப் போவோம் என்றார்.

எடித் தப்பிவிட்டாள். வெறும் பெட்டி, எல்லோருடைய முகத்திலும் மரியாதை, ஒரு குறையும் இல்லை. இனி அடுத்த வருடம்தான் அவளுடைய முறை வரும். அடுத்த வருடமும் எட்டாம் தரத்தில் ஒரு ஜெனிற்றா இருப்பாள். அல்லது அதற்குள் அந்த வகுப்பு மறுபடியும் வாய் மூடியிருக்கும். பின்வாங்கில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த அகிலனை அவள் நினைத்தாள். அவன் அவளைக் காப்பாற்றத்தான் குனிந்திருந்தான். ஆசிரியர் அறை முழுவதும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கணவாயும் பாரையும் அதற்குத்தான்.

“பஸ்ரியன் சேர், கொஞ்சம் பொறுங்கோ” என்று எடித் எழும்பினாள்.  மேசையைப் பிடித்துக்கொண்டாள். அகிலனும் பதறி எழும்பிவிட்டான். அம்மாவின் சுகத்தைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, “அம்மா நல்லா இருக்கிறா ரீச்சர், ரிப்போட் எல்லாம் சரி” என்றான்.

“அது சந்தோசம். நீங்கள் இருங்கோ” என்றாள் எடித். அவன் இருந்தான். அவள் நின்றபடியே மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“அகிலன் சேர், ஜெனிற்றா கேட்டதுக்கு எனக்கு விடை தெரியாது. மூண்டு வருசமாய் விளங்காமல்தான் படிப்பிக்கிறன். கிழமையில ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு நான் வந்து உங்கடை வகுப்பில இருக்கிறன். எனக்கு அதைச் சொல்லித் தாங்கோ.”