பதினோராவது வீட்டுக் குழாய்

தெருவிலுள்ள பதினொரு வீடுகளின் மொட்டைமாடி மழைநீரை வற்றிப்போன பொதுக் கிணற்றுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று மாத நீர் மேலாண்மைப் பயிற்சியை முடித்த தையல்காரர் மகளுக்குப் பயிற்சி நிலையம் கொடுத்த முதல் பொறுப்பு அது. பத்து வீடுகள் சம்மதித்துவிட்டன. பதினோராவது அவளுடைய சொந்த வீடு.

"குழாய்க்காக வாசல் சுவத்தைக் குடைய விடமாட்டேன்" என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

அவள் நிலத்தடி நீர், வறட்சி என்று படம் போட்டு விளக்கினாள். அப்பா தையல் மிஷினை வேகமாக மிதித்து அவள் பேச்சை அமுக்கினார்.

"தெருவையே மடக்கிட்டே, அப்பாகிட்ட பாச்சா பலிக்கலையே!" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் படத்தை எடுக்கவே இல்லை. "அப்பா, எந்தப் பக்கமா குழாய் வந்தா சுவரு கெடாது? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மிஷின் நின்றது. அப்பா இஞ்ச் டேப்போடு வெளியே வந்தார். மேலும் கீழும் அளந்தார். துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு இழுத்தார்.

"ஜன்னலை ஒட்டி இறக்கி, கேட்டுக்கு அடியில கொண்டு போ. சுவத்தைக் குடையவே வேணாம்."

ஒரு வாரத்தில் எல்லாக் குழாய்களையும் மாட்டி முடித்தார்கள். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. தெருவே குடையும் கையுமாகக் கிணற்றடியில் கூடிவிட்டது. பதினொரு குழாய்களும் கொட்டிய இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"எங்க வீட்டுக் குழாய் வேகத்தைப் பாத்தீங்களா? டிசைன் என்னோடது!"

"ஆமாப்பா, உங்களோடதேதான்!" என்று சொட்டச் சொட்ட நனைந்தபடி அவள் கைதட்டினாள்.