கழுவிய கோழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதை ஒரு சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் அண்ணி உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடைக்குப் போய்க் கோழிக்கறி வாங்கி வந்து, அதில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பதுதான் வேலை. போனவள் வீட்டுக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் எடுத்துவிடுவாள். இன்னொரு தரம் யார் அலைவது?

[முதல் தொடக்கம்: "அண்ணி கோழியைப் பார்க்கும் பார்வையை அந்தக் கோழி மட்டும் பார்த்திருந்தால்..." வேண்டாம். இப்போது எனக்கே பிடிக்கவில்லை.]

2

கதைக்கு ஒரு கோமாளி வேண்டுமே, அண்ணன் இருந்தான். வீட்டில் சமையல் அவன்தான். கறியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவான்.

"கழுவாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? நல்லா வேக வச்சாலே கிருமி செத்துடும். நீங்க கழுவி அடுப்படி பூரா தெளிக்கிறீங்க."

"சுத்தம் சோறு போடும் தாயே. லேப்ல படிச்சத லேப்லயே வச்சுக்கோ."

தெறித்த தண்ணீர் பக்கத்துப் பலகையில் இருந்த வெள்ளரிக்காய் மேல் விழும். நறுக்க நறுக்க அவனே அதை வாயில் போட்டுக்கொள்வான். [இந்த வரியை வேடிக்கைக்காகத்தான் எழுதி வைத்திருந்தேன்.]

3

இங்கே கொஞ்சம் கட்டுரை மாதிரி பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கிருமியைத் தட்டில் வளரவிட்டு, அதன்மேல் மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து இடம் வெறுமையாகும். ஒரு வாரம் அண்ணி வாங்கி வந்த கோழியின் தட்டில் எந்தப் பொட்டைச் சுற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. நோயில்லாத கோழிக்கும் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீனியில் மருந்தைக் கலந்தால் கிருமி அதற்குப் பழகாமல் என்ன செய்யும்?

அண்ணி திகைத்து நின்றபோது தொலைபேசி மணி அடித்தது— [இல்லை. கதையில்தான் அப்படி அடிக்கும். அண்ணன் அதற்கு முன்பே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாதாரணக் காய்ச்சல் என்றிருந்தோம்.]

4

"ரத்தத்துல கிருமி பரவியிருக்கு. குடுத்த எந்த மருந்துக்கும் கேக்கல" என்ற டாக்டர், மருந்துகளின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த அண்ணி சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என் தட்டுல தோத்த மருந்துங்க, தம்பி. ரெண்டும் ஒரே கிருமின்னு இன்னும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா ரெண்டு பொட்டலமும் ஒரே குவியல்லேர்ந்துதான் எடுத்தேன்."

வெந்த கறியை எல்லோரும்தான் தின்றோம், எங்களுக்கு ஒன்றுமில்லை. போயும் போயும் ஒரு வெள்ளரித் துண்டா!

5

முடிவு ஒன்று: சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து ஒன்று மிச்சமிருக்கிறது. அதற்குக் காய்ச்சல் கேட்கிறது. அண்ணன் வீட்டுக்கு வந்து மறுபடியும் அண்ணியோடு சண்டை போடுகிறான்.

முடிவு இரண்டு: அந்த மருந்தும்—

இதை எழுத மாட்டேன்.

மருந்து இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அண்ணி தாளை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் உன் இஷ்டத்துக்குத்தானே எழுதுற? காய்ச்சல் எறங்கிடுச்சுன்னு எழுதிடேன், தம்பி."

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று எழுதினேன். அண்ணன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். எழுதியதை அடித்துவிட்டேன்.

உங்களிடம் வேறு வரி இருந்தால் கொடுங்கள். சீக்கிரம்.