ஒரு படி வெளுப்பு

பல் கட்டுவது என் தொழில். கீழே டாக்டர் வாயைப் பார்ப்பார். மாடியில் நான் பீங்கான் பொடியைக் குழைத்து, அடுக்கி, சூளையில் சுட்டுப் பல்லாக்கிக் கொடுப்பேன். எது சொந்தப் பல், எது நான் கட்டியது என்று கட்டிக்கொண்டவர்களே தடுமாறுவார்கள். இதைத் தற்பெருமை என்பவர்கள் வந்து பார்க்கட்டும்.

போன வாரம் என் வீட்டுக்காரர் என் போனை மாற்றிவிட்டார். இது வேறு ரகம். பின்னால் போக ஒரு பொத்தான்கூடக் கிடையாது, ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டுமாம். எதைத் தொட்டாலும் எங்கேயோ போய் நின்றது. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன், அப்புறம் அடங்கிவிட்டது. படம் மட்டும் அச்சு அசலாகத் தெரிந்தது. பழைய போனின் திரை எல்லாவற்றையும் மஞ்சளாகவே காட்டும். அது தெரிந்ததால், படம் பார்த்துப் பல்லுக்கு நிறம் கலக்கும்போது எப்போதும் ஒரு படி வெளுப்பாகவே கலப்பேன்.

அந்த நேரம் பார்த்து, வெளியூரில் தனியாக இருக்கும் என் தங்கை குளியலறையில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அவள் ஓட்டல் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். அந்த ஓட்டலை மூடி மாதக்கணக்காகிறது. இப்போதுதான் எங்கள் ஊரில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிரிப்பதற்குச் சம்பளம் தரும் வேலைக்கு உடைந்த பல்லோடு போக முடியுமா? அங்கே ஒரு பல் டாக்டர் எடுத்த அச்சு பார்சலில் வந்தது, பல்லின் படம் போனில் வந்தது. ஆளை நேரில் பார்த்து நிறத்தை முடிவு செய்யலாமே என்றார் டாக்டர். என் தங்கை பல் எனக்குத் தெரியாதா என்று அவர் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை காலை அவள் வந்து இறங்கினாள். டாக்டர் பல்லைப் பொருத்திப் பார்த்தார். அளவு கச்சிதம். நிறம்தான், இருட்டறையில் டியூப் லைட் போட்ட மாதிரி அது மட்டும் பளீரென்று நின்றது. எனக்கு உடனே உறைத்தது. போன் மாறிவிட்டது, என் கை மாறவில்லை. திரை உள்ளதைக் காட்டியும் நான் பழக்க தோஷத்தில் ஒரு படி வெளுப்பாகக் கலந்திருக்கிறேன். டாக்டர் கைக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார், எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தங்கை கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"பரவாயில்லக்கா. வாயைத் தொறக்காமயே சிரிச்சுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. சாயங்காலத்துக்குள் வேறு பல் தருகிறேன் என்று மாடிக்கு இழுத்துப் போனேன்.

போனை இழுப்பறையில் போட்டேன். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உதட்டருகே பிடித்தேன். நிறம் பிடிபட்டுவிட்டது. ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் மஞ்சள் பூத்து வெளிறியிருந்தது. ஈறில் சிவப்பே இல்லை. பழைய போனின் வீடியோவில் அவள் முகம் இப்படித் தெரிந்தபோதெல்லாம், இந்தப் பாழாய்ப்போன போனை மாத்தணும்டி என்று சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாக்கா என்று சொல்லியிருக்கிறாள்.

"ஒழுங்கா சாப்பிடறியாடி?"

முதலில் மழுப்பினாள். விடுவேனா? வேலை போனதிலிருந்து ராத்திரி அடுப்பே பற்றவைப்பதில்லையாம், ஒருத்திக்காக எதற்கு என்று விட்டுவிடுவாளாம். எழுந்தால் தலை சுற்றுமாம். குளியலறையில் வழுக்கவில்லை, மயங்கித்தான் விழுந்தாளாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாதி அவள்மேல், பாதி என்மேல். திட்டிக்கொண்டே சோறு பிசைந்து ஊட்டினேன், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன், வந்து சூளையைப் பற்றவைத்தேன்.

சாயங்காலம் டாக்டர் புதுப் பல்லைப் பொருத்தினார். எது புதுசு என்று அவருக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அவளுக்கு அந்த வேலை கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டு, இன்டர்வியூ முடிந்ததும் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னாள்.

"எங்கேயும் போக வேணாம். வேலை கெடைச்சாலும் சரி, கெடைக்கலேன்னாலும் சரி, எங்க வீட்லதான் இருக்கப்போற. இனிமே உன்னைப் போன்ல பாக்கறதா இல்ல."