மழையில் நிற்கும் வரிசை

"சுரண்டி எடுக்கறதுக்கு உங்க தொழில்ல மீட்பு வேலைன்னு பேரா?"

"அடியில இருக்கறதை மீட்கறோம்கா."

"மேல இருக்கறதை?"

தங்கை கையிலிருந்த துண்டை மடிப்பதுபோல் பாவனை செய்தாள். அது ஏற்கெனவே மடித்த துண்டுதான். அக்கா அதைப் பிடுங்கி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். அந்த உதறலிலேயே பாதிக் கோபம் வெளியே போய்விட்டது.

மேலே இருப்பது அக்கா வரைந்தது. ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவள் இடக்கையால் எழுதியதுதான் என்றாலும், படம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. தியேட்டரின் நுழைவு மண்டபத்தில், சுவர் முழுக்க, கொட்டும் மழையில் டிக்கெட்டுக்காக நிற்கும் ஒரு நீண்ட வரிசை. ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று பேர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர், தலையில் செய்தித்தாளோடு ஒருத்தி. வெளியே நிஜமாகவே மழை பெய்யும் நாட்களில் நனைந்து உள்ளே வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள்.

அதற்கு முன்பு அதே சுவரில் கொடிகளும் பறவைகளும் இருந்தன என்பது தியேட்டரின் புதிய முதலாளிக்கு ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்பா இறந்தபின் பொறுப்புக்கு வந்த பையன். ஆசைப்பட்டதை உடனே செய்து பார்க்கும் வயது. பறவைகள் திரும்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பழைய சுவர்ப்படங்களைச் சீர்செய்வதில் கைதேர்ந்தவர் யார் என்று விசாரித்து, தங்கையிடமே வந்து சேர்ந்தான். அவள் வேலையை ஒப்புக்கொண்டாள். வீட்டில் சொல்வதைத்தான் நாளை நாளை என்று தள்ளிப்போட்டு, இன்று துணி மடிக்கும் சாக்கில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அழவில்லை. அழுகிற ஜாதியும் இல்லை. தானும் வயிற்றுக்காகச் சுவரேறியவள்தான், வேலை என்று வந்துவிட்டால் அக்கா தங்கையெல்லாம் பார்க்க முடியாது என்று அவளே ஆறுதல் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"செய். ஆனா இடிக்கறதை இடிக்கறேன்னு சொல்லு. பேரை மாத்தி என்கிட்டயே விக்காதே."

அந்த வாக்கியம் மறுநாள் காலை தியேட்டரில் சாரத்தில் ஏறும்போதும் தங்கையின் கூடவே ஏறியது.

எந்தச் சுவரிலும் முதலில் ஒரு ஜன்னல் திறப்பது அவளுடைய வழக்கம். ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மேல்பூச்சை எடுத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். மூலையில், மழை மட்டுமே இருந்த இடமாகப் பார்த்துக் கத்தியை வைத்தாள். பூச்சு செதில் செதிலாக வந்தது. பிறகு நீலம் தெரிந்தது. ஓர் இறகு. அதற்கு அடுத்த இறகு. எழுதியவனின் கை எத்தனை நிதானமானது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இறகெல்லாம் குழி.

பழைய சுவரில் புதுப்பூச்சு பிடிக்க வேண்டுமென்றால் உளியால் அம்மை போட்டதுபோல் கொத்திவிடுவார்கள். வழவழப்பான சுவரில் சாந்து நிற்காது. அப்படித்தான் கொத்தியிருந்தது. ஒவ்வொரு கொத்தும் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரர் கொத்தினால்தான் அப்படிச் சாயும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னும் நான்கு இடங்களில் ஜன்னல் திறந்தாள். எல்லா இடத்திலும் அதே சாய்வு, அதே குழி. பறவை என்று சொல்ல ஒரு முழுக் கண் கூட மிஞ்சவில்லை.

முதலாளிக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குழிகளில் பட்டி வைத்து அடைத்து, புகைப்படத்தைப் பார்த்துப் பறவைகளை வரைந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டான். அது புதுப் படம், அதற்குப் பழைய சுவரின் பெயரை வைக்கத் தன்னால் முடியாது என்றாள் தங்கை.

"உங்க அக்கா படமாச்சே, அதான் கை வரலையோன்னு ஊர் பேசும்."

"பேசட்டும். குழியும் எங்க அக்கா போட்டதுதான். அதையும் சேத்தே நான் சொல்லுவேன்."

சொல்லி முடிக்கவும் அக்கா மண்டபத்துக்குள் நுழையவும் சரியாக இருந்தது. தோளில் பழைய தூரிகைப் பை. தன் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்ததாகச் சொன்னாள். ஜன்னல்களைக் கண்டதும் யாரையும் கேட்காமல் சாரத்தில் ஏறி, மூக்கு சுவரில் படும்படி நின்றாள்.

"அருமையான கை. என்னைவிட நல்லா வரையத் தெரிஞ்சவன்."

அப்படியென்றால் ஏன் கொத்தினீர்கள் என்று முதலாளி கேட்டான். குரலில் குற்றச்சாட்டை விட ஆச்சரியம்தான் அதிகம்.

"பூச்சு பிடிக்க வேணாமா தம்பி? அன்னிக்கு நான் இடிச்சேன். உங்க அப்பாகிட்டயும் இடிக்கறேன்னுதான் சொன்னேன். காப்பாத்தறேன்னு சொல்லல."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, மழையில் நிற்கும் அந்த வரிசையைத் தலையிலிருந்து வால் வரை நடந்து பார்த்தான். மேலே இருப்பதை எடுத்தால் இரண்டும் போய்விடுமா என்று தங்கையைக் கேட்டான். போய்விடும் என்று அவள் மழுப்பாமல் சொன்னாள். அவன் புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்தான். இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றான். இறகு தெரியும் அந்த முதல் ஜன்னலை மட்டும் மூட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான்.

இருப்பதிலும் வேலை இருந்தது. வரிசையின் கடைசியில், தரையோரமாக ஓதம் ஏறி நிறம் உரிந்திருந்தது. என்னென்ன நிறம் கலந்தாள் என்று சொல்வதற்காக அக்காவைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தாள் தங்கை. சட்டம் ஒன்றே ஒன்று: உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும், உயிரோடிருக்கும் இடத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஒரு மணி நேரம் அப்படியே நடந்தும் கொண்டாள்.

உரிந்த இடத்துக்கு அடுத்து, ஓதம் தொடாமல், ஒரு நாய் நின்றிருந்தது. அதன் பின்னங்கால் மட்டும் அக்காவுக்குச் சரியாக வராமல், நாற்காலிக் கால் போல நட்டுக்குத்தலாக இருந்தது. படம் பார்க்க வரும் குழந்தைகள் முதலில் ஓடுவது அதனிடம்தான். அந்த நாயின் பக்கம் திரும்ப வேண்டாமென்றே அத்தனை வருடமும் தியேட்டருக்குப் படம் பார்க்க வராமல் இருந்தவள் அக்கா. இன்று அவளுக்கும் நாய்க்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி.

தங்கை கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அக்காவின் இடக்கையில் தூரிகை. நுனியில் பழுப்பு நிறம் திரண்டு, விழப்போகும் சொட்டாக நின்றது. அவள் கண், ஒரு காலத்தில் பலகை எழுதும்போது இருந்ததுபோல், பாதி மூடியிருந்தது. நாய்க்கு ஒரு நல்ல கால் கிடைக்க இன்னும் ஒரு விரல் தூரம்தான் பாக்கி.

தங்கை கையை நீட்டினாள்.

"அக்கா, அந்தக் காலை அப்படியே விட்டுடு. பிரஷ்ஷை இப்படிக் கொடு."