பக்கோடாவின் கண்கள்

எங்கள் வீட்டில் ஒரு பூதம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். ஆமை உடம்பு, ஆட்டுக்கொம்பு, வாய் முழுக்கப் பல். அதைச் செய்து விற்றவர்கள் வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். நித்திலா வைத்த பெயர் பக்கோடா.

நித்திலா என் தோழி மேகலாவின் மகள். எட்டு வயது. சித்திரைக் கடைசியில் அம்மாவும் மகளும் ஒரு பள்ளிக்கூடப் பையோடு சீர்காழி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார்கள். மேகலாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பைக்குள் இரண்டு கவுன், பக்கோடா, பக்கோடாவை நிறுத்தி விளையாடுகிற வட்டத் தட்டு. கட்டிய புடவையோடு ஓடி வருகிறவள் பொம்மையைத் தூக்கிக்கொண்டா வருவாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"அது பக்கத்துல இல்லன்னா இவ தூங்க மாட்டா, குந்தவை" என்றாள்.

மேகலாவும் நானும் ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒரே அறை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் புருஷன் அரவிந்தன் அவள் போனில் ஒரு சிநேகிதியின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. இப்போது அதுவே நல்லதாகப் போயிற்று. திருப்பனந்தாள் பக்கத்தில் அவளுக்கு இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டையெல்லாம் அவன் தேடி முடித்திருப்பான். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையில், கடல்காற்று உப்பாக அடிக்கிற இந்த ஊரில், குந்தவை என்று ஒருத்தி இருப்பதே அவனுக்கு நினைவில் இருக்காது. போலீசுக்குப் போனதற்கு, "குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்குங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்கு வாயில் நன்றாக வருகிறது. உடைந்த கையை எந்தக் குடும்பம் பேசிச் சேர்த்திருக்கிறது?

மேகலா அவனைப் பற்றிப் பேசவே மாட்டாள். நாங்களும் கிளறவில்லை. ஏதோ கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான் என்பது வரைக்கும்தான் தெரியும். ஒருநாள் மட்டும் சொன்னாள்.

"நீ எங்க வேணா போய்க்க, புள்ளைய நான் தூக்கிக்குவேன்னு சொன்னாரு. சொன்னா செய்வாரு."

அன்றிலிருந்து நித்திலா வாசல்படி தாண்டவில்லை. பள்ளிக்கூடம் திறந்தும் அனுப்பவில்லை. ஓடியாட வேண்டிய பிள்ளையை எத்தனை நாள்தான் அடைகாப்பது? அதனால்தான் விளையாட்டுக்குச் சரி என்றோம்.

அந்த விளையாட்டுக்குப் பூதக்களம் என்று பெயர். தட்டின் மேல் பொம்மையை நிறுத்தினால் அதே பூதம் போனுக்குள் எழுந்து நிற்கும். எங்கெங்கோ இருக்கிற நாலு பேர், நாலு பூதங்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு ராட்சசப் பூதத்தை அடித்து வீழ்த்த வேண்டும். நடுநடுவே ஒருவருக்கொருவர் செய்தி எழுதிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் தன் போனில் புதுக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். கணக்கின் பெயர் விவசாயி. ஊர் கிடையாது, படம் கிடையாது. மேகலா அதை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள்.

பெரிய புத்திசாலிகள் நாங்கள். கணக்குப் புதிது, பொம்மை பழையது என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பொம்மை தன் பெயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. யார் போனில் நிறுத்தினாலும் தலைக்கு மேல் 'பக்கோடா' என்று எழுத்து வந்துவிடும், அந்தப் பெயரைப் போட்டுத் தேடி யார் வேண்டுமானாலும் கூட்டுக்கு வரலாம். பூதத்துக்குப் பக்கோடா என்று பெயர் வைக்கிற குழந்தை இந்த உலகத்தில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

நித்திலாவுக்கு ஒரே ஒரு குறை. பூதக்களப் பொம்மை இன்னொன்று, எந்தப் பூதமானாலும், கூப்பிடு தூரத்துக்குள் வந்தால் இரண்டு பொம்மைகளின் கண்களும் பச்சையாக எரியும். அதற்குப் போனும் வேண்டாம், தட்டும் வேண்டாம். பழைய பள்ளிக்கூடத்தில் தோழி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வரும்போதே எரியுமாம்.

"இந்த ஊர்ல யார்ட்டயுமே இல்லியா பெரியம்மா? வந்ததுலேர்ந்து ஒருநாள்கூட எரியல."

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஊருக்குப் பொம்மை என்று வந்தால் அது திருவிழாக் கடையில் வருகிற பிளாஸ்டிக் கிளிதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆனியில் ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் 'டெல்டா சிங்கம்' என்று ஒருவர் கூட்டுக்கு வந்தார். அவருடைய பூதம் இரட்டைத் தலை முதலை. பக்கோடா அடிபடப் போகிற நேரத்தில் முதலை குறுக்கே வந்து விழுந்து தான் அடி வாங்கிக்கொள்ளும். நித்திலாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த செய்திகளைப் படித்துச் சொல்லிப் பதில் எழுதுவது தமிழ்மாறனின் வேலை. சிங்கம் எழுதிய முதல் செய்தியே இதுதான்: "வணக்கம்ண்ணே. உங்க பக்கம் தண்ணி வந்துருச்சா?"

இந்தச் சீமையில் அதை யாரும் கேள்வியாகவே நினைப்பதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் சாப்பிட்டாச்சா என்பார்கள், நாங்கள் தண்ணி வந்துருச்சா என்போம். கல்யாண வீட்டிலும் கேட்போம், சாவு வீட்டிலும் கேட்போம். அந்த ஆள் எந்த ஊர் என்று கேட்டிருந்தால் தமிழ்மாறன் அப்போதே போனை அணைத்திருப்பார். தண்ணியைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் கை நிற்காது.

"இன்னும் வரலைங்க. நாங்க கடைமடை."

அடுத்த வாரம் மறுபடி கேட்டார். "நேத்துதான் தலை காட்டிச்சு. கலங்கலா வருது" என்று இவர் எழுதினார். முறை வைத்து விடுகிறார்களா என்று கேட்டதற்கு, "ஆமாங்க, நாலு நாளு எங்களுக்கு, நாலு நாளு வடக்கு வாய்க்காலுக்கு" என்றார். நாற்றங்காலில் களை மண்டிக் கிடக்கிறது, இங்கே என்ன அரட்டை என்று நான் சத்தம் போட்டேன்.

"அந்தாளும் வெவசாயிதான் போல. தண்ணியப் பத்தி என்னா அக்கறையா கேக்குறாரு பாரு" என்றார்.

பிறகு அந்த வியாழக்கிழமை. பக்கத்து வயல்காரர் ஐயாவு காலையிலேயே மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"பெரிய ஆத்துல கரை தொட்டுப் போவுது. வடக்கு வாய்க்கால்லயும் போவுது. நம்ம வாய்க்கால் மட்டும் காஞ்சு கெடக்கு, தமிழு. நம்ம முறைதான இது? எவனோ ஷட்டர எறக்கிட்டான்."

இரண்டு பேரும் அலைந்துவிட்டு மத்தியானம் திரும்பினார்கள். தமிழ்மாறனுக்கு எரிச்சல் அடங்கவில்லை. நித்திலா பக்கோடாவைத் தட்டில் நிறுத்தியதும் சிங்கத்தின் செய்தி வந்தது. "இன்னைக்குத் தண்ணி எப்படிண்ணே?"

இவர் கொட்டித் தீர்த்துவிட்டார். எங்கள் வாய்க்கால் மட்டும் நின்றுபோனது, மற்றதில் எல்லாம் போகிறது, கேட்க நாதியில்லை என்று நீளமாக எழுதினார். பதில் சின்னதாக வந்தது. "கவலைப்படாதீங்க. சாயந்தரம் வந்துரும்."

சாயந்தரம் வந்துவிட்டது. வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. தமிழ்மாறன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சிங்கம் வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு. அவரு சொன்னாப்லயே வந்துருச்சு."

அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மேகலா நிமிர்ந்தாள். "யாருண்ணே சொன்னது?"

போனை வாங்கினாள். முதல் வணக்கத்திலிருந்து படித்தாள். கட்டுப் பிரித்த கை அவளுக்கு இன்னும் சரியாக வளையாது, இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அண்ணே, நித்திலா அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு நான் சொல்லவே இல்லல்ல."

"கான்ட்ராக்ட் வேலைன்னுதான சொன்னீங்க?"

"மதகுல. ஷட்டர் ஏத்தி எறக்குற வேலை. இந்த ஆத்துல அவருக்குத் தெரியாத மதகுக்காரரே கெடையாது."

அந்தச் சிங்கம் அரவிந்தன்தான். அவன் எங்களிடம் ஊர் கேட்கவே இல்லை. பக்கோடாவைத் தேடிப் பிடித்தான், பிறகு தண்ணீர் போகிற வழியே வந்தான். எந்த ஆறு, எந்தக் கிளை, எந்த முறை என்று இவர் வாயாலேயே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் சந்தேகம் தீர ஒரே ஒரு ஷட்டரை இறக்கிவிட்டு, யார் காய்ந்து கிடக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான். இந்த வாய்க்காலில் இருப்பதே இரண்டு ஊர்.

தமிழ்மாறன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போல இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் கேட்க முடியவில்லை. போனை நான் வாங்கி, எங்கள் வயல் வேதாரண்யம் பக்கம், அங்கேதான் தண்ணீர் இல்லை என்று எழுதி அனுப்பினேன். பொய்தான், கேவலமான பொய். உடனே பதில் வந்தது.

"சரி. பக்கோடாவ பத்திரமா பாத்துக்குங்க."

போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். தரங்கம்பாடியில் இருக்கிற சிநேகிதர் யூனுஸை என் போனில் கூப்பிட்டோம், காலையில் காரோடு வருவதாகச் சொன்னார். மாயவரத்தில் ரயில் ஏற்றிவிட்டால் சென்னையில் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. அன்று இரவு தமிழ்மாறன் வாசற்கதவுக்குப் பின்னால் பாய் போட்டுப் படுத்தார்.

விடிந்தது. தெருவில் சாணி தெளித்தார்கள், பால்காரர் போனார். எல்லாம் வழக்கம்போல இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எங்கள் தெருவுக்குள் திரும்புகிற பாலம் புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாது. யூனுஸுக்கு வழிகாட்ட தமிழ்மாறன் மெயின் ரோட்டுக்குக் கிளம்பினார்.

"தாழ்ப்பாள போட்டுக்க" என்று சொல்லிக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடினேன். மேகலா கொல்லையில் கொடியில் கிடந்த கவுன்களை எடுத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் கரையில் ஒரு பைக் வந்து நின்று ஓய்ந்தது. கரையில் பைக்குக்கா பஞ்சம், வயலுக்கு வந்த யாரோ என்று நினைத்தேன்.

"பெரியம்மா."

கூடத்திலிருந்து நித்திலாவின் குரல். வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டதில்லை.

"எரியுது பெரியம்மா. இங்க பாருங்களேன். பக்கோடாவுக்குக் கண்ணு எரியுது."

பால் சட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஒரு கையில் பக்கோடாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். கண்கள் இரண்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தன.

"ஃப்ரெண்டு யாரோ வந்துருக்காங்க" என்றாள்.

அவளுடைய இன்னொரு கை வாசற்கதவில் இருந்தது. தமிழ்மாறன் சாத்திவிட்டுப் போன கதவு. நான் இன்னும் தாழ் போட்டிருக்கவில்லை.